பேயின் ரவிக்கையில் ஒரு பிசிறு

தஞ்சாவூர் ஜில்லாவில் பேயைக் கண்டு ஓடியவர்கள் உண்டு, பேயை ஓட்டியவர்களும் உண்டு. பேயைப் பார்த்து, "கொஞ்சம் திரும்பு, முதுகுப் பக்கம் எப்படி உக்காந்திருக்குன்னு பாக்கணும்" என்று சொன்னவர் எனக்குத் தெரிந்து பிசிறக்கா ஒருவர்தான்.

பிசிறக்கா தையல்காரர். கீழவாசல் பக்கம் ஒரு சந்தில், நான் தங்கியிருக்கும் மகளிர் விடுதிக்கு எதிர் வீட்டின் முன்னறைதான் அவர் கடை. உண்மைப் பெயர், மெஷினுக்கு மேலே மாட்டியிருந்த தையல் சான்றிதழில் இருந்தது. ஆனால் அந்தச் சான்றிதழின் மேல் எப்போதும் ஏதாவது ஒரு லைனிங் துணி தொங்கும். ஆறு வருஷத்தில் அந்தப் பெயர் 'வதி' என்று முடியும் என்பதை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன். பத்மாவதியாகவும் இருக்கலாம், லீலாவதியாகவும் இருக்கலாம். சந்தில் எல்லோருக்கும் அவர் பிசிறக்கா.

பெயர் வந்த காரணம் எளியது. துணியில் ஒரு நூல் பிசிறு தொங்கினால் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்ன நூல்வெட்டி எப்போதும் தொங்கும். பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலரில் பிசிறு தெரிந்தால் ஒரு நறுக். தாலுகா ஆபீஸில் பட்டா விஷயமாகப் போனபோது, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அதிகாரியின் சட்டைக் கையில் ஒரு நறுக். அவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "பயப்படாதீங்க சார், நூலுதான்" என்று பிசிறக்கா அதைக் காட்டிவிட்டு மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தார்.

திருக்கடையூரில் எங்கள் சந்துக்காரர் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். நானும் போயிருந்தேன். கெட்டிமேளம் தொடங்கியாயிற்று. மாப்பிள்ளை தாலியை எடுத்து நீட்டியாயிற்று. கூட்டத்திலிருந்து, "நிறுத்துங்க!" என்று ஒரு குரல். மேளக்காரர் கையை அந்தரத்தில் நிறுத்தினார். பிசிறக்கா முன்னால் போய், மணப்பெண்ணின் ரவிக்கைக் கை ஓரத்தில் தொங்கிய நூலை நறுக்கிவிட்டு, "ம், இப்ப கட்டுங்க" என்றார். அந்த அமைதியில் மணப்பெண் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"இதே மாதிரி முப்பத்தஞ்சு வருஷம் முன்னாடி யாராச்சும் வந்து நிறுத்தியிருக்கக் கூடாதா?"

பிசிறக்காவிடம் இரண்டு குறைகள் உண்டு. எந்த ரவிக்கையையும் சொன்ன தேதியில் தரமாட்டார் என்பது ஒன்று. "ரெண்டு நாள்ல வாங்கிக்கோ" என்றால் எந்த இரண்டு நாள் என்று சொல்லமாட்டார். மற்றது, ஒருத்தியின் அளவை இன்னொருத்தியிடம் சொல்லமாட்டார். மருமகளுக்குப் பிறந்தநாளுக்குத் திடீரென்று ரவிக்கை தைத்துத் தர விரும்பிய ஒரு மாமியார், "அவ அளவுதான் உன் நோட்டுல இருக்கே" என்று வந்து நின்றார். பிசிறக்கா நோட்டை எடுத்து, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"அளவு சொன்னா அன்னிக்கே கத்திரிக்கோலைக் கீழ வச்சிடணும்மா. டாக்டருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

இரண்டாவதைக் குறை என்று எழுதியது அந்த மாமியாரின் கணக்குப்படி.

இனி தொலைக்காட்சி. ஒரு சேனலில் 'இருட்டு முகவரி' என்று ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. கறுப்புக் கோட்டு போட்ட குறுந்தாடிக்காரர் ஒருவர், கையில் டார்ச்சும் சிவப்பு விளக்கு மினுக்கும் ஒரு கருவியுமாகப் பாழடைந்த இடங்களுக்குப் போய், அங்கே ஆவி உண்டா என்று விசாரணை செய்வார். இரவில் ஒளிபரப்பு. அந்த நேரத்தில் விடுதியில் டிவி கிடையாது. விடுதியை நடத்தும் மங்கை டீச்சரின் சட்டம் அது. மறு ஒளிபரப்பு ஞாயிறு பகல் பதினொன்றரைக்கு. ஆகவே நாங்கள் பார்த்த பேய்கள் எல்லாமே கொளுத்துகிற வெயிலில், மீன்குழம்பு வாசனையோடு வந்தவை. விடுதிக் கூடத்தில் பதினொரு பெண்கள் உட்கார்ந்திருப்போம். பிசிறக்கா எதிர்வீட்டிலிருந்து வந்து, நிறுத்தவும் பின்னால் ஓட்டவும் முடிகிற செட்டாப் பெட்டியின் ரிமோட்டைக் கையில் வாங்கிக்கொள்வார். ஒரு மணி நேர நிகழ்ச்சியை நாங்கள் ஒரு மணி நேரத்தில் பார்த்ததாக என் நாட்குறிப்பில் எங்கும் பதிவில்லை. குறைந்தபட்சம் ஒன்றே முக்கால் மணி.

"நில்லு நில்லு. பின்னாடி போ. பாத்தியா? உள்ள நுழையறப்போ கோட்டுக் கை மடிச்சு விட்டிருக்கு. ஆவி மூச்சு விடுது மூச்சு விடுதுங்கறான், அதுக்குள்ள கை இறங்கி, பட்டனும் போட்டாச்சு. ஆவிகிட்ட பேசிக்கிட்டே பட்டன் போட இவனுக்கு எத்தனை கை?"

நிகழ்ச்சியின் கடைசி ஐந்து நிமிடம் 'நேயர் கேள்வி'. அதற்குக் கடிதம் எழுதலாம். பிசிறக்கா சொல்ல, நான் எழுதுவேன். என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்பது மட்டும் காரணமில்லை. நான் அரசு விதைப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். நானூறு நெல்லை எண்ணிப் பரப்பி, எத்தனை முளைத்தது, எத்தனை முளைக்கவில்லை என்று எழுதுவது என் தொழில். "வெதை மேடம் எழுதினா ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது" என்பது பிசிறக்காவின் சான்றிதழ். எல்லாக் கடிதங்களுக்கும் எண் போட்டு நகல் வைத்திருக்கிறேன். மொத்தம் நாற்பத்திரண்டு.

கடிதம் எண் ஒன்பது நான் எடுத்துக் கொடுத்த குற்றம். சீர்காழிப் பக்கம் ஒரு பங்களாவில் விசாரணை. ஜன்னலுக்கு வெளியே நாற்றங்கால் பச்சைப்பசேலென்று தெரிந்தது. கறுப்புக் கோட்டுக்காரர் ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பினார். அதே ஜன்னலுக்கு வெளியே அறுவடை முடிந்த வயலில் வாத்துகள் மேய்ந்தன. நாற்று நிலைக்கும் அறுப்புக்கும் இடையே, குறுவை என்றாலும் எண்பது நாளுக்குக் குறையாது என்று எழுதிக் கேட்டோம். அடுத்த வாரம் பதில் வந்தது.

"தஞ்சாவூரிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார். நேயரே, அந்த வீட்டில் காலம் வேறு வேகத்தில் ஓடுகிறது!"

பிசிறக்கா திரையைப் பார்த்துக் கேட்டார்: "காலம் ஓடட்டும்டா. உன் தாடி மட்டும் ஏன் ஓடல?"

கடிதம் எண் பதினேழு மிகவும் பேசப்பட்டது. எண்பது வருஷத்துக்கு முன்னால் கிணற்றில் விழுந்து இறந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு பெண் வெள்ளைப் புடவையில் நடந்து போனாள். பிசிறக்கா காட்சியை நிறுத்தி, புடவையின் கீழ்க் கரையைக் காட்டினார். "ஃபால் தச்சிருக்கு. மெஷின்ல ஃபால் தச்சு, ஓரம் அடிச்சிருக்கு. எங்கம்மா காலத்துலயே ஃபால்னா என்னன்னு தெரியாது. இவ கெணத்துக்குள்ள இருந்துகிட்டு எந்தக் கடையில குடுத்தா?"

இதற்கு வந்த பதில்: "அமானுஷ்யத்தைத் தர்க்கத்தால் அளக்க முடியாது."

"தர்க்கத்தால அளக்க வேணாம். டேப்பால அளக்கறேன். அனுப்பி வையி."

அவருக்குப் பேய் நம்பிக்கை இல்லை என்று யாரும் நினைக்கக்கூடாது. நான் ஒரு முறை அப்படி நினைத்துக் கேட்டுவிட்டேன். கோபம் வந்துவிட்டது. "பேய் இல்லன்னு நான் எப்ப சொன்னேன்? இருக்கு. இருந்தா ஒழுங்கா இருக்கணுமா இல்லியா? ஒரு பக்கம் முழுக்கை, ஒரு பக்கம் அரைக்கைன்னு வந்து நின்னா அது பேயா, ஆல்ட்ரேஷனா?"

இந்த நிலையில்தான் அந்தத் தொடர் எங்கள் விடுதிக்கே வந்தது. வந்தது என்று எங்களுக்குத் தெரியாமல் வந்தது.

மங்கை டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. முன்னோர்களுக்குச் சீர்காழிக்கு அருகே நிலம் இருந்தது. இப்போது இந்த மாடிவீடு மட்டும் மிச்சம். கணவர் காலமான பிறகு, எட்டு அறைகளில் தான் ஒருத்தி மட்டும் நடமாடப் பிடிக்காமல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இடம் கொடுத்தார். சென்னையில் இருக்கும் தம்பி ஒவ்வொரு வருஷமும், "அந்த வீட்டைக் குடுத்துட்டு இங்க வந்துடுக்கா" என்பார். டீச்சர் ஒவ்வொரு வருஷமும், "பொண்ணுங்க இருக்காங்களேடா" என்பார். அந்த ஒரு வரியில்தான் அந்த விடுதி நின்றுகொண்டிருந்தது.

ஒரு வேலைநாளில், நாங்கள் வெளியே போயிருந்தபோது, மூன்று பேர் வந்து, 'தஞ்சாவூரின் பழைய வீடுகள்' என்று நிகழ்ச்சி எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் உள்ளே விட்டு, கதவின் மரவேலையைப் பற்றி நாற்பது நிமிடம் பாடம் நடத்தியிருக்கிறார். இரண்டு தடவை காபி. ஆறு வாரம் கழித்து, ஞாயிறு பகல் பதினொன்றரைக்கு, 'இருட்டு முகவரி'யில் எங்கள் வாசல் வந்தது. முகப்பை மங்கலாக்கியிருந்தார்கள். ஆனால் இரட்டை மயில் போட்ட நீலக் கிரில் தஞ்சாவூரில் எத்தனை வீட்டில் இருக்கிறது?

மாடியறையில் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாளாம். அவள் இன்னும் பின்படிக்கட்டில் இறங்கி வருகிறாளாம். இறங்கியும் வந்தாள். வெள்ளைப் புடவை, மெரூன் ரவிக்கை, முதுகு மட்டும். இருபத்தொன்பது விநாடி. பிறகு, கைப்பிடிக் கம்பியில் ஊர்ந்து வரும் அவள் இடது கை மட்டும் பெரிதாக. கறுப்புக் கோட்டுக்காரர் மூச்சு வாங்கினார். கூடத்தில் யாரும் மூச்சு விடவில்லை.

மங்கை டீச்சர் எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றார். "இது நம்ம படி" என்றார். பிறகு, "இந்த ஆளுங்களுக்கு ரெண்டு தடவை காபி குடுத்தேன்" என்றார்.

அன்று மாலையே பெற்றோர்களின் போன் தொடங்கியது. என் நாட்குறிப்பின்படி முதல் வாரத்தில் நான்கு பெண்கள் போனார்கள், இரண்டாவது வாரத்தில் இரண்டு பேர். பால்காரர் பாக்கெட்டைப் பக்கத்து வீட்டுக் கிரில்லில் தொங்கவிட்டுப் போனார். ஆட்டோக்காரர்கள் சந்து முனையிலேயே, "பேய் ஹாஸ்டலா? எறங்கிக்கோங்க" என்றார்கள். மீதி ஐந்து பேரில் நானும் ஒருத்தி. சென்னைத் தம்பி போன் செய்தார். டீச்சர் இந்த முறை, "பொண்ணுங்க இருக்காங்களேடா" என்று சொல்லவில்லை. "ஆடி முடியட்டும்" என்றார். கூடத்தில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது.

நான் என்னால் ஆனதைச் செய்தேன். அந்த நிகழ்ச்சியில் ஏழு பிழைகளைப் பட்டியலிட்டேன். எங்கள் பின்படிக்கட்டில் பதினேழு படி. பேய் இறங்கியது இருபத்திரண்டு. 'எண்பது வருஷமாகப் பூட்டிக் கிடக்கும்' மாடியறையின் சுவரில் இந்த வருஷக் காலண்டர். பட்டியலை ஒரு பெண்ணின் அப்பாவிடம் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "அஞ்சு படி அதிகமா எறங்குதுன்னா, அது இன்னும் மோசம் இல்லீங்களா?" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

எல்லோரும் எதிர்பார்த்தது பிசிறக்காவை. ஊர் ஊராகப் பேயைக் குறுக்கு விசாரணை செய்தவர், எதிர்வீட்டுப் பேயை விடுவாரா? அன்று அவர் ரிமோட்டை வாங்கி அந்த இருபத்தொன்பது விநாடியையும் கையையும் மூன்று தடவை ஓட்டினார். மூன்றாவது தடவை, கை கம்பியில் இருக்கும் இடத்தில் நிறுத்தினார். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு டிவியை அணைத்துவிட்டு, "இதுல ஒரு குத்தமும் இல்ல" என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்ததை நான் நேரத்தோடு குறித்து வைத்திருக்கிறேன். பகல் ஒன்று இருபது.

டீச்சருக்கு அது ஆறவில்லை. மறுநாள் எதிர்வீட்டுக்குப் போய்க் கடைவாசலில் நின்று கேட்டார்: "ஊருல உள்ள பேய்க்கெல்லாம் நாப்பத்தியொரு லெட்டர் போட்ட. என் வீட்டுப் பேயின்னதும் வாய் அடைச்சுப் போச்சா உனக்கு?"

பிசிறக்கா மெஷினை நிறுத்தவில்லை. "ரெண்டு நாள் குடுங்க டீச்சர்" என்றார்.

"உன் ரெண்டு நாள் எனக்குத் தெரியாதா?" என்று டீச்சர் திரும்பி வந்துவிட்டார்.

மூன்றாவது வாரம் பிசிறக்கா என்னைக் கூப்பிட்டுக் கடிதம் எண் நாற்பத்திரண்டைச் சொன்னார். நான்கு வரி. எனக்கு அது புரியவில்லை, சொன்னபடி எழுதினேன். ஞாயிறன்று கறுப்புக் கோட்டுக்காரர் அதைக் கையில் எடுத்ததுமே சிரித்தார்.

"தஞ்சாவூர் நேயர் இந்த வாரம் பேய்க்கே கடிதம் எழுதியிருக்கிறார்! 'மெரூன் ஜாக்கெட் போட்ட ஆத்மாவுக்கு. உன் இடது கை ஓரத்தில் ஒரு நூல் பிசிறு தொங்குகிறது. கொண்டுவந்து கொடுத்தால் சரிசெய்து தருகிறேன். பெயர் கேட்கமாட்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன்.' நேயர்களே, பயம் முற்றினால் இப்படித்தான் பாசம் வரும்!"

கூடத்தில் ஐந்து பேர் இருந்தோம். வாசிப்பு முடிந்தபோது ஐந்து பேரும் தங்கள் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் உட்பட. அதனால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திங்கள்கிழமை மாலை அலுவலகம் விட்டு வரும்போது, பிசிறக்காவின் மடியில் ஒரு மெரூன் ரவிக்கை கிடந்தது. இடது கை ஓரத்தில், மெரூன் துணியில் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு நூல், ஒரு விரல்கடை நீளம், தொங்கிக்கொண்டிருந்தது.

"கை ஓரத்தை மடிச்சு எம்மிங் பண்றப்போ மெரூன் நூல் தீந்து போச்சு" என்றார், என்னைப் பார்க்காமல். "கடைசி ரெண்டு தையல் காப்பிப்பொடி கலர்ல போட்டேன். அப்ப கரண்டு போச்சு. நூலோட வாலை வெட்டாம மடிச்சு வச்சுட்டேன். என் கையால போட்ட பிசிறு, வெதை மேடம். டிவியில இவ்ளோ பெருசா வந்திருக்கு."

"அப்போ அது யாருன்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்?"

"தையல் என்னுதுன்னு தெரியும்."

"யாருதுக்கா அது?"

பிசிறக்கா அளவு நோட்டை எடுத்து, அதன் மேல் உட்கார்ந்தார்.

எனக்கு வேறொரு கேள்வி இருந்தது: வெட்டித் தருவதாகக் கடிதம் போட்டவர் ஏன் இன்னும் வெட்டவில்லை? நூல்வெட்டி கழுத்தில்தான் இருந்தது. கை இரண்டு தடவை அதன் பக்கம் போனது. இரண்டு தடவையும் திரும்பி வந்தது.

"வெட்டிட்டா இது சாதா ஜாக்கெட்டு. டிவியில அந்தப் பிசிறு தெரியுற எடத்தை ஒரு கலர் பிரிண்ட் எடுத்துட்டு வர்றியா? பெருசா."

எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலை கடைவாசலில், "இன்று துணி வாங்கப்படமாட்டாது" என்று வழக்கமாக எழுதும் சிலேட்டில், இப்படி எழுதியிருந்தது: "டிவியில் வந்த பேயின் ஜாக்கெட் இந்தக் கடையில்தான் தைத்தது. இடது கையில் பிசிறு விட்டது என் தவறு. நேரில் பார்க்கலாம்." பக்கத்தில் ஹேங்கரில் மெரூன் ரவிக்கை. அதன் பக்கத்தில் படம். படத்தில் காப்பிப்பொடி நூல், ரவிக்கையில் அதே நூல், அதே வளைவு.

என் ஏழு பிழைகள் செய்யாததை அந்த ஒரு நூல் அரை மணி நேரத்தில் செய்தது. முதலில் நின்றது ஒரு ஆட்டோக்காரர்.

"ஏங்க்கா, பேயி வந்து அளவு குடுத்துச்சா?"

"அளவு ஜாக்கெட் குடுத்துச்சு."

"எப்ப டெலிவரி வாங்கிட்டுப் போச்சு?"

"சொன்ன தேதிக்குக் குடுத்துட்டேன்."

"சொன்ன தேதிக்கா! அப்ப அது நெசமாவே பேயிதாங்க்கா."

கூட்டம் சேர்ந்தது. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "நான் தீபாவளிக்கு முன்னாடி குடுத்த ஜாக்கெட்டு இன்னும் வரல. செத்தவளுக்குத் தச்சுக் குடுத்துட்டியா நீ?" என்று சண்டைக்கு நின்றாள். பால்காரர் பால் கேனோடு நின்று சிரித்தார். சிரித்தவர்கள் எல்லோரும், சிரித்து முடித்ததும், எதிரே இருந்த இரட்டை மயில் கிரில்லைச் சாதாரணமாகப் பார்த்தார்கள். அதை நான் மாடி ஜன்னலிலிருந்து கவனித்தேன். பத்து பேரிடம் ஒரு மணி நேரம் பேசி நான் வரவழைக்க முடியாத பார்வை அது.

மங்கை டீச்சர் இறங்கி வந்தார். ரவிக்கையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். "யாரு?" என்றார்.

"டீச்சர், அளவு விஷயம். கேக்காதீங்க."

"என் வீட்டுப் படியில எறங்கினவ யாருன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"வேணும். ஆனா என் வாயால வேணாம். தப்பு தைச்சவ நான்னு போர்டுல எழுதியிருக்கேன்ல? திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

வாழ்நாளில் ஒரு பிசிறையும் பொறுத்துக்கொள்ளாதவர், தன் கைப்பிசிறை ஊர் பார்க்க ஹேங்கரில் மாட்டிவிட்டு, அதன் கீழே உட்கார்ந்திருந்தார். டீச்சர் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து செல்வி வந்தாள்.

செல்வி நாகூர் பக்கத்துக் கடலோரப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிற வேலை. விடுதியில் மிகவும் சத்தமாகச் சிரிக்கிறவள். கடந்த மூன்று வாரமாக அவள் சிரிக்கவில்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். அந்த வகையில் என் நாட்குறிப்பும் ஒழுங்கானது இல்லை.

"நான்தான் டீச்சர்" என்றாள். "அன்னிக்கு எனக்கு லீவு. நீங்க வாசல்ல கதவைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தீங்க. குறும்படம் எடுக்கறோம், ஒரு தடவை படியில எறங்குங்கன்னாங்க. நடிக்க ஆசையா இருந்துச்சு. இதுக்குன்னு சத்தியமாத் தெரியாது டீச்சர். அவங்க புடவையைக் குடுத்தாங்க. அவங்க ஜாக்கெட்டு எனக்குப் பத்தல. அதான் என்னுதைப் போட்டுக்கிட்டேன். தெரிஞ்சா அனுப்பிடுவீங்கன்னு..."

டீச்சர் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டவர்.

"அது என்ன நடை? தோளைக் குறுக்கிக்கிட்டு? நடிக்கணும்னா நிமிந்து நடக்க வேணாம்?"

"பேயின்னு சொல்லலயே டீச்சர். சோகமா எறங்குன்னுதான் சொன்னாங்க."

"சோகமா இருந்தாலும் நிமிந்துதான் எறங்கணும். உள்ள போ. ராத்திரிக்கு உனக்கும் சேத்துத்தான் மாவு கரைச்சிருக்கேன்."

பிறகு நடந்தவை வரிசையாக என் குறிப்பில் உள்ளன. யாரோ போர்டைப் படம் பிடித்து அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றியது. சேனல் அந்தப் பகுதியை இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. அடுத்த ஞாயிறு 'நேயர் கேள்வி' வரவில்லை. அந்த ஐந்து நிமிடமும் மூட்டுவலித் தைலம். பிசிறக்கா தைல விளம்பரத்தையும் இரண்டு தடவை ஓட்டி, "தேய்க்கறதுக்கு முன்னாடி வலது முட்டி, தேய்ச்சப்பறம் இடது முட்டி" என்றார். ஆடி முடிந்தது. மங்கை டீச்சர் சென்னைக்குப் போன் செய்து, தம்பி பேசத் தொடங்கும் முன்பே, "பொண்ணுங்க இருக்காங்களேடா" என்றார். மன்னார்குடியிலிருந்து மகளை அழைத்து வந்த ஒரு அம்மா, வாசலில் நின்று, "இதுதானே அந்தப் பேய் ஹாஸ்டல்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப ஜாக்கெட் தைக்கிறவங்க எதிர்வீடா?" என்று பையைத் திறந்தார். உள்ளே நான்கு ரவிக்கைத் துணி.

மெரூன் ரவிக்கை இருபத்து மூன்று நாள் ஹேங்கரில் தொங்கியது. கடைசிப் பெண் திரும்பி வந்த அன்று பிசிறக்கா அதை இறக்கி, நறுக்கென்று வெட்டி, மடித்துச் செல்வியிடம் கொடுத்தார். அந்த இருபத்து மூன்று நாளும் அவர் தலையைக் குனிந்தே தைத்தார். நிமிர்ந்தால் அது கண்ணில் படும்.

போன வருஷம் கண்ணில் புரை விழுந்து, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று, கடையைக் காலி செய்துவிட்டுத் தங்கையோடு இருக்கச் சீர்காழிக்குப் போய்விட்டார். போகிற அன்று, ஏழு மாதத்துக்கு முன்னால் நான் கொடுத்திருந்த சாம்பல் நிற ரவிக்கையைக் கையில் திணித்தார். "ரெண்டு நாள்னு சொன்னேன்ல" என்றார்.

அறைக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். இடது கை ஓரத்தில், காப்பிப்பொடி நிறத்தில், ஒரு விரல்கடை நீளத்துக்கு ஒரு நூல்.

கண் தெரியாமல் விட்டதா, தெரிந்தே விட்டதா என்று நான் விசாரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் உடுத்துகிறேன். கத்திரிக்கோல் என் மேஜையின் இடது இழுப்பறையில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது.